ஒருபக்க வாதம்

படிக்கட்டில் முதலில் தெரிந்தது ஓர் இடது கால். அது ஒரு படி இறங்கி நின்றது. பிறகு வலது கால் மெதுவாக இழுபட்டு வந்து அதன் பக்கத்தில் சேர்ந்தது. மறுபடியும் இடது கால்.

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் கோவையிலிருந்து வந்திருந்த அருள்மொழி சார், இந்தப் பக்கம் நான். நடுவில் முதலாளியம்மா சரசக்கா, சாருக்குக் கொடுக்க வேண்டிய டீயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் படிக்கட்டையே பார்த்தோம்.

இறங்கி வந்தவர் சரசக்காவின் வீட்டுக்காரர், எங்கள் முதலாளி சின்னச்சாமி அண்ணன். மாதக்கணக்காக மாடியை விட்டு இறங்காதவர். அன்றைக்கு மஞ்சள் நிற டீ-சர்ட் போட்டிருந்தார். அதையும் முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டிருந்தார். முதுகில் இருக்க வேண்டிய எழுத்து நெஞ்சில் இருந்தது. கறுப்பு மையில், தெருமுனையில் நின்றாலும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக: பக்கவாதம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது. கையில் சாம்பிள் பீஸ் இருந்ததால் முடியவில்லை.

பாடம் நடத்தாத டீச்சர்

போன வாரம் இந்தப் பத்தியில், நல்லூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு பனியன் கம்பெனியில் அப்படி என்னதான் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் இரக்கம் கொஞ்சம் தூக்கல்.

மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தேன், அம்மா. ஆர்டர் கொடுப்பவருக்கும் தைப்பவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. எம்.ஏ. படித்த செய்தி எப்படியோ கசிந்துவிட்டதால் எல்லோருக்கும் நான் டீச்சர். ஒரு நாளும் ஒரு பிள்ளைக்கும் பாடம் எடுத்ததில்லை. எஸ்தர் என்ற என் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

சின்னச்சாமி அண்ணன் கம்பெனி நல்லூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே தையல், மேலே வீடு. பெரிய கம்பெனி இல்லை. ஆனால் பனியன் மொத்த வியாபாரம் நடக்கிற காதர்பேட்டையில் அண்ணன் பெயரைச் சொன்னால் வியாபாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். காரணம் அவருடைய பனியன் இல்லை, வாய்.

அண்ணன் பேரம் பேசுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குரல் உயராது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' விழும். "அப்படீங்களா?", "பாக்கலாமுங்க", "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும், ஆனாலும் பாருங்க" என்று தேனாகப் பேசியே எதிராளியைக் களைப்படைய வைப்பார். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அவர் வியாபாரத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ஆமாங்கன்னு சொன்னா அந்த எடத்துலயே வியாபாரம் முடிஞ்சு போச்சுங்க டீச்சர்" என்றார். "அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்குது?"

ஆமாங்க

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் போயிருந்தது. முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது. எது தங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சுவது உண்டு என்றார் டாக்டர். மனசுக்குள் எல்லாம் தெளிவாக இருக்கும். வாயைத் திறந்தால் அது ஒன்றுதான் வரும். ஆயுசு முழுக்க அவர் பூட்டி வைத்திருந்த சொல், மற்ற எல்லாச் சொல்லும் வெளியேறிய பிறகு, தனியாக வீட்டைக் காவல் காத்தது.

"உப்புமா வேணுமுங்களா மாமா?" என்று சரசக்கா கேட்பார். அண்ணனுக்கு உப்புமா ஜென்மத்துக்கும் ஆகாது.

"ஆமாங்க" என்பார், முகம் நிறைய வெறுப்போடு. உப்புமா வரும். ஒரு வாரம் முழுக்க வந்தது.

தலையை ஆட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். ஆட்டினார். நம் ஊர்த் தலையாட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று யாருக்குத் தெரியும்? வாய் ஆமாங்க என்கிறது, தலையும் ஆடுகிறது, ரொம்பப் பிரியப்படுகிறார் போல என்று இன்னொரு கரண்டி வைத்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் யாரையும் பார்க்க விரும்பவில்லை. காதர்பேட்டைக்காரர்கள் விசாரிக்க வந்தால் தூங்குவது போல் படுத்துக்கொள்வார். கீழே இறங்கவே மாட்டேன் என்று இருந்துவிட்டார். அவர் வாய்க்காக வந்த ஆர்டர்கள் எல்லாம் அந்த வாயோடு நின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வியாதியின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. "அண்ணனுக்கு அன்னைக்கு அப்படி ஆயிருச்சில்லீங்க" என்பார்கள். அவ்வளவுதான். சரசக்கா டாக்டரிடம்கூட 'அது' என்றுதான் சொல்வார்.

சட்டைக்கு ஒரு சொல்

அந்த நேரத்தில்தான் அருள்மொழி சார் வந்தார். கோவையில் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துபவர். காய்கறிக்காரரிடமும் செந்தமிழில் பேசுவார். அவருடைய மாணவர்களுக்கு ஒரு பெரிய விழா. அணிக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு சொல். முதுகில் வாதக் கலையின் கலைச்சொற்கள் அச்சாக வேண்டும்.

கூற்று, சான்று, மறுப்பு, எதிர்வாதம், நன்மதிப்பு, ஆள்தாக்கு, ஒப்புக்கொள்ளல் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு உச்சி குளிர்ந்தது. எம்.ஏ. படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வந்தது என்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "பனியன்ல எழுதுதுக்கா அம்புட்டுப் படிச்ச?" என்றாள் அம்மா. பதில் எதிர்பாராத கேள்வி என்று அதற்குப் பெயர். அதுவும் ஒரு சட்டையில் இருந்தது, ஊதா நிறத்தில்.

ஆர்டரை ஒத்துக்கொண்டபோது சரசக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மிணி, மாமா இல்லாம நானா எடுக்கற மொதல் ஆர்டரு இது. இது திரும்பி வந்துச்சுன்னா கம்பெனியச் சாத்திப்போட்டு காங்கேயத்துக்கு என்ற அப்பா ஊட்டுக்கே போயிருவேன். அங்க எண்ணெய் மில்லு ஓரத்துல ஒரு ரூம்பு இருக்குது. அவுரு அங்கயே படுத்துக்கட்டும்." அழவில்லை. கணக்கை முடிக்கிற குரலில் சொன்னார். 

துணி வெட்டி, பிரிண்டிங்குக்கு வெளியே அனுப்பி, திரும்பி வந்து தையல் ஏறியதும் கம்பெனியே மாறிப்போனது. நாள் முழுக்க அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தொற்றிக்கொண்டது. லீவு கேட்ட பெண்ணிடம் சூப்பர்வைசர், "உன்ற கூற்றுக்குச் சான்று எங்கே?" என்றார். மறுநாள் அவள் காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் உட்கார வைத்தாள். பிள்ளை வாந்தி எடுத்தது. சான்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

செக்கிங் பெண்கள் டீ நேரத்தில் சண்டை போட்டால், "நான் பப்ஸ் வாங்கித் தராததப் பேசு, என்ற மூக்கப் பத்திப் பேசாத, அது ஆள்தாக்கு" என்று ஒருத்தி எச்சரித்தாள்.

கொங்குச் சண்டையே எனக்கு அதுவரை ஆச்சரியம்தான். எங்கள் பக்கம் வாதம் என்றால் முதல் வரியிலேயே எதிராளியின் பாட்டன் பூட்டன் வந்துவிடுவார்கள். இங்கே பஸ்ஸில் உரசிய பைக் ஓட்டி, "உங்களுக்கு அறிவுங்கறது இருக்குதுங்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு இருந்தா நடு ரோட்டுல வருவீங்களா?" என்றார் டிரைவர். இவ்வளவு மரியாதையோடு என்னை யாரும் வாழ்த்தியதுகூட இல்லை.

மேலே ஒரு, கீழே மீதி

பாவம், கண் பட்டது மஞ்சளுக்கு.

மஞ்சள் சட்டைக்குரிய சொல் 'ஒருபக்க வாதம்'. எதிர்த்தரப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் தன் பக்கத்தை மட்டும் அடித்துப் பேசுவது. நல்ல சொல்தான். ஆனால் நீளமான சொல். முதுகின் அகலத்துக்குள் அடங்கவில்லை. பிரிண்டிங் பட்டறையில் டிசைன் போடுபவர் அதை அழகாக இரண்டு வரியாக்கினார். மேலே சின்னதாக, கழுத்துப் பட்டிக்கு அடியில்: ஒரு. கீழே முதுகு நிறைய, இடைவெளி எதுவும் இல்லாமல்: பக்கவாதம்.

மஞ்சள் கடைசியாகத்தான் அச்சுக்குப் போனது; அந்த வாரம் நான் ஊரில் இருந்தேன், தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். படம் அருள்மொழி சாருக்குப் போனில் போயிருக்கிறது. அவர் பக்கமிருந்து ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. கட்டைவிரல் வந்தால் அப்ரூவல். அடித்துத் தைத்து அயர்ன் பண்ணி அடுக்கிவிட்டார்கள்.

நான் திரும்பி வந்து முதல் கட்டைப் பிரித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "யாருமே இதைப் பார்க்கலையா?" என்று செக்கிங் பெண்களைக் கேட்டேன்.

"நாங்க ஓட்டையப் பாப்போம், எண்ணெக் கறையப் பாப்போம்" என்றாள் ஒருத்தி நிதானமாக. "அர்த்தத்த யாருங்க டீச்சர் பாக்கச் சொன்னா?"

அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மறுப்பு பச்சை நிறத்தில் பெட்டிக்குள் இருந்தது.

விழா அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுபடி துணி எடுத்து அடிக்க நேரமில்லை. அருள்மொழி சாரோ, ஒன்று பிழை என்றாலும் எதையும் எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னவர். அவர் சரக்குப் பார்க்க வருகிற நாளுக்காக நானும் சரசக்காவும் ஒரு திட்டம் போட்டோம். முதலில் மற்ற நிறங்களைக் காட்டி நன்மதிப்பைச் சம்பாதிப்பது. பிறகு அண்ணனின் நிலையைச் சொல்லி மனசை இளக்குவது. கடைசியில் மஞ்சள். அதுவரை மஞ்சள் கட்டுகளை எங்கே வைப்பது? கீழே இடமில்லை. மாடியில்தான் வைக்க வேண்டும்.

மாடியில் இருப்பது அண்ணன். அவர் கண்ணில் அந்த எழுத்து படக் கூடாது. ஆகவே எழுத்து உள்ளே போகும்படி மடித்து, அவர் கண்ணை மூடியிருந்த நேரமாகப் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் அடுக்கினோம். விசாரிக்க ஆள் வந்தாலே தூங்குவது போல் படுக்கிறவர் அவர் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

கேட்கக் கூடாத கேள்விகள்

இனி படிக்கட்டுக்குத் திரும்பலாம்.

திட்டத்தின் முதல் படியிலேயே நாங்கள் விழுந்திருந்தோம். அருள்மொழி சார் வந்ததும் உட்காரவில்லை. போனை நீட்டினார். டிசைன் படத்தைப் பார்த்த மாணவன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். "மஞ்சள் எங்கே?" என்றார். "மஞ்சளா?" என்று நான் இழுத்தபோதுதான் அந்த இடது கால் தெரிந்தது.

அண்ணன் இறங்கி முடிக்கிற வரை மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் மேசைக்கு வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து வாடிக்கையாளரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காதர்பேட்டைப் பார்வை.

அருள்மொழி சாருக்கு எதுவும் தெரியாது. அவர் கண்ணில் பட்டது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்காருகிற ஒரு முதலாளி.

"என்ன ஐயா இது, கேலியா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அண்ணன்.

சார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு மேடைக் குரலுக்கு மாறினார். "இதை அணிந்து என் மாணவர்கள் மேடை ஏறினால் அரங்கமே சிரிக்காதா?"

"ஆமாங்க."

"பார்த்தீர்களா, அவரே ஒப்புக்கொள்கிறார்" என்று என் பக்கம் திரும்பினார். சரசக்காவின் முகம் செத்துப்போனது. ஒப்புக்கொள்ளல் என்பதும் வாதத்தில் ஓர் ஆயுதம் என்று எங்கள் வெள்ளைச் சட்டை சொல்லும். எதிராளியின் ஒரு கருத்தை ஏற்றுக்கொண்டு அடுத்த அடிக்குத் தயாராவது. ஆனால் அடுத்த அடிக்கு அண்ணனிடம் என்ன இருக்கிறது? அதே சொல்தானே.

நான் குறுக்கே போக வாயெடுத்தேன். அண்ணனின் இடது கை சின்னதாக உயர்ந்து என்னை நிறுத்தியது.

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெற்றி கைக்கு வந்த பேச்சாளர்கள் செய்வதை அவரும் செய்தார். கேள்விகளாக அடுக்கினார்.

"உங்கள் ஆட்கள் தமிழைப் பிரித்துப் போட்டதற்கு நான் பழி ஏற்க வேண்டுமா?"

"ஆமாங்க."

"அதாவது, படத்தைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிய நான்தான் குற்றவாளி. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"ஆகவே இந்தச் சரக்கை நான் வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போக வேண்டும் என்கிறீர்களா?"

"ஆமாங்க."

"மஞ்சளையும் சேர்த்தா?"

"ஆமாங்க."

"எனக்கென்ன பைத்தியமா ஐயா?"

"ஆமாங்க" என்றார் அண்ணன், ஆறுதல் சொல்கிற மாதிரி.

செக்கிங் டேபிளில் ஒருத்தி வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். அருள்மொழி சார் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றார். கேள்வி கேட்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி என்பதும், இந்த மனிதரிடம் அதைக் கேட்கவே கூடாது என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். பதில் எதிர்பாராத கேள்விக்கு இப்படி வரிசையாகப் பதில் வந்தால் யார்தான் தாங்குவார்கள்?

அப்போதுதான் அவர் அண்ணனை உண்மையிலேயே பார்த்தார். மடியில் கிடந்த கையை. ஒரு பக்கம் இறங்கியிருந்த உதட்டை. பிறகு நெஞ்சில் இருந்த எழுத்தை, புதிதாகப் படிப்பவர் மாதிரி, எழுத்தெழுத்தாக.

"இவருக்கு..." என்று என்னைக் கேட்டார். மேடைக் குரல் எங்கோ போயிருந்தது.

நான் வழக்கம்போல 'அன்னைக்கு அப்படி ஆயிருச்சு' என்று தொடங்கினேன். சரசக்கா டீயை மேசையில் வைத்தார்.

"பக்கவாதமுங்க சார்" என்றார். அந்த வீட்டில் அந்தச் சொல் வாய் வழியாக வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. "சட்டையில போட்டிருக்கறது எங்க ஊட்டுக்குச் சரியாத்தானுங்க இருக்குது."

அண்ணன் தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்க்காத மாதிரி சாம்பிள் பீஸை மடித்தேன். அது மடிய மறுத்தது. மறுபடியும் மடித்தேன்.

டீ

அருள்மொழி சார் உட்கார்ந்தார். ஆறிய டீயை எடுத்து முழுக்கக் குடித்தார். பிறகு சுத்தமான கோவைத் தமிழில், "எல்லாத்தையும் வண்டியில ஏத்திருங்க" என்றார். மஞ்சள் கட்டில் ஒன்று குறையும் என்று நான் சொன்னேன். "அது அண்ணன்கிட்டயே இருக்கட்டுமுங்க" என்றார். போகும்போது அண்ணனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மஞ்சள் அணி விழாவில் சட்டையை உட்புறம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். துணி மெல்லியது, மை கெட்டி. எழுத்து கண்ணாடியில் தெரிவது போல் திரும்பித் தெரிந்ததாம். கூட்டம் பேச்சைக் கேட்காமல் கடைசி வரை தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் படிக்கப் பார்த்ததாம். பரிசு அந்த அணிக்குத்தான். காரணம் எனக்குத் தெரியாது.

வண்டி சந்திலிருந்து திரும்பியதும் சரசக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெயித்த முகம் இல்லை அது. மாதக்கணக்கான அலுப்பு மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து இறங்கியிருந்தது.

"இந்த ஒருதடவ தப்பிச்சாச்சுங்க மாமா" என்றார். "ஒவ்வொருதடவயும் இப்படி முடியாது. சாத்திப்போட்டு காங்கேயத்துக்கே போயிரலாமுங்களா?"

 இதை எப்படி அவரிடம் கேட்கலாம்? என்ன பதில் வரும் என்று தெரியாதா?

அண்ணனின் உதடு பிரிந்தது. 'ஆ' என்பதற்கான மூச்சு கிளம்பியதை நான் பார்த்தேன். அந்த நொடியில் அவருடைய இடது கை மேலே வந்து வாயைப் பொத்திக்கொண்டது. இறுக்கமாக. கண்ணில் நீர் கட்டுகிற அளவுக்கு இறுக்கமாகப் பொத்திக்கொண்டு அவர் சரசக்காவையே பார்த்தார்.



சரசக்கா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பறம் நாளைக்கு யாருங்க ஷட்டரத் தொறக்கறது? நீங்க வந்து தொறக்கறீங்களா?"

அண்ணன் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"ஆமாங்க" என்றார்.

நான் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் அவருடைய இடது கைப் பக்கம் வைத்தேன்.